கேளுங்க அண்ணாச்சி: கண்ணாடிச் சீட்டுக்குள் ஒரு பந்து

போன இதழில் 'அட்மாஸ்பியர் என்றால் ஆவிப் பந்து' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. செங்கோட்டையில் ஆரம்பித்து மலை தாண்டி தென்மலை வரைக்கும் ஆளாளுக்கு ஒரு 'ஸ்பியர்' எடுத்து வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

அண்ணாச்சி, எனக்கு 46 வயசு, தையல் வேலை. ஊசி கோர்க்க முடியாமல் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சீட்டில் எஸ்.பி.எச். என்ற கட்டத்தில் பிளஸ் 1.50 என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் சி.ஒய்.எல். என்ற கட்டம் காலி. அது காலியாக இருப்பது நல்லதா, கெட்டதா? (செங்கோட்டை)

நல்லதுதான் அம்மா. உங்களுக்கு வந்திருப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்று சொல்வது. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது குவிய மாட்டேன் என்கிறது. நாற்பது தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் வருவதுதான்.

எஸ்.பி.எச். என்பது ஸ்பெரிக்கல் என்பதன் சுருக்கம், அதாவது பந்து வடிவம். ஒரு பெரிய கண்ணாடிப் பந்தின் மேல் தோலை ஒரு சில்லு சீவி எடுத்தால் எப்படி இருக்கும், அந்த வளைவு. உங்கள் பிளஸ் 1.50-ஐ ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் புடைப்பாகச் சாதாரணக் கண்ணாடியில் செய்வதாக இருந்தால், 33 சென்டிமீட்டர் ஆரம் உள்ள பந்திலிருந்து சீவ வேண்டும். பவர் கூடக் கூட பந்து சின்னதாகும். சி.ஒய்.எல். என்பது சிலிண்டர். சிலருக்குக் கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல் முட்டையின் பக்கவாட்டு மாதிரி ஒரு திசையில் அதிகமாக வளைந்திருக்கும், அவர்களுக்கு உருளையிலிருந்து சீவிய வளைவும் சேர்த்துப் போட வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படவில்லை, அதனால் கட்டம் காலி.

நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று செய்து பாருங்கள். பகலில் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரின் பக்கத்தில் புதுக் கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுவரிலிருந்து ஏறத்தாழ 67 சென்டிமீட்டரில் வரும்போது வெளியே இருக்கும் தென்னை மரம் தலைகீழாகச் சுவரில் விழும், ஓலை கீழே, தூர் மேலே. ஒன்றை 1.50-ஆல் வகுத்தால் எத்தனை மீட்டர் வருகிறதோ அதுதான் அந்த 67. என் கண்ணாடி பிளஸ் 2, எனக்கு அரை மீட்டரில் விழுகிறது. மைனஸ் போட்டவர்கள் இதை முயல வேண்டாம், எவ்வளவு நேரம் பிடித்தாலும் மரம் விழாது.

இனி சொல்லுக்கு வருகிறேன். கிரேக்கத்தில் ஸ்பைரா என்றால் பந்து. கணிதப் பந்து இல்லை, பிள்ளைகள் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பந்து. ஹோமரின் ஒடிசியில் துணி துவைக்க ஆற்றங்கரைக்கு வந்த இளவரசி நவுசிக்கா, துணி காயும் நேரத்தில் தோழிகளோடு ஆடுவது இந்த ஸ்பைராதான். பந்து குறி தவறித் தண்ணீரில் விழ, பெண்கள் போடும் கூச்சலில்தான் கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஒடிசியஸ் விழித்துக்கொள்கிறான். பின்னால் வடிவியல்காரர்கள் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து வானநூல்காரர்கள் வாங்கினார்கள், கடைசியில் அது உங்கள் கண்ணாடிச் சீட்டில் மூன்று எழுத்தாக வந்து நிற்கிறது.

இடையில் ஒரு தடவை அது விளையாட்டுக்கே திரும்பிப் போகவும் பார்த்தது. 1874-ல் வால்டர் விங்ஃபீல்டு என்ற ஆங்கில மேஜர் புல்தரையில் ஆடும் ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கி, 'ஸ்பைரிஸ்டிகே' என்று பெயர் வைத்தார், பந்தாட்டக் கலை என்று அர்த்தம். வாயில் நுழையாததால் ஜனங்கள் அதை 'ஸ்டிக்கி' என்று ஆக்கிவிட்டார்கள். அதுதான் இப்போதைய டென்னிஸ்.

அண்ணாச்சி, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பிசிக்ஸ் லேபில் ஸ்பெரோமீட்டர் வைத்து ஏதோ அளக்கச் சொல்கிறார்கள். மூன்று காலும் நடுவில் ஒரு திருகும் இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு விடை வருகிறது. இதனால் யாருக்கு என்ன லாபம்? (கடையநல்லூர்)

மேலே தையல்கார அம்மாவுக்கு லாபம் தம்பி. பந்தைச் சீவினால் வில்லை என்றேனே, கையில் சில்லு மட்டும் இருக்கும்போது முழுப் பந்து எவ்வளவு பெரிது என்று கண்டுபிடிக்கிற கருவி இது.

முதலில் தட்டையான கண்ணாடியில் வைத்து நடுத் திருகு தொடும் இடத்தைக் குறித்துக்கொள். அப்புறம் வில்லையின் மேல் வை. புடைப்பு இருப்பதால் திருகைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருக்கும், அந்தக் 'கொஞ்சம்'தான் முக்கியம். திருகின் ஒரு முழுச் சுற்று 1 மில்லிமீட்டர், வட்டத் தட்டில் 100 கோடு, ஆக 0.01 மில்லிமீட்டர் வரை பிடிக்கும். கால்களுக்கு இடையே 40 மில்லிமீட்டர், ஏற்றம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 40-ஆல் பெருக்கி, ஏற்றத்தின் ஆறு மடங்கால் வகுத்து, ஏற்றத்தில் பாதியைக் கூட்டு. 267 மில்லிமீட்டர் வரும். அதுதான் அந்தப் பந்தின் ஆரம்.

ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருவதற்குக் காரணம், அநேகமாக நீ திருகை அழுத்திவிடுகிறாய். நுனி தொட்டவுடன் கருவி லேசாக ஆட ஆரம்பிக்கும், அங்கேயே நிறுத்த வேண்டும். நான் படித்த காலத்தில் எங்கள் லேபில் இருந்த ஒரே ஸ்பெரோமீட்டருக்கு ஒரு கால் லூஸ், எல்லோரும் முந்தின வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதித்தான் பாஸ் ஆனோம். நீ அப்படிச் செய்யாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

தினம் செய்தியில் 'வளிமண்டல மேலடுக்கு சுழற்சி காரணமாக மழை' என்கிறார்களே, அது ஸ்ட்ராட்டோஸ்பியரா? அவ்வளவு உயரத்தில் சுற்றுவது புளியரையில் என் வயலுக்கு எப்படித் தெரியும்? (புளியரை)

இல்லை. பெயரைக் கேட்டு நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த 'மேலடுக்கு' என்பது தரையை ஒட்டி இல்லாமல் கொஞ்சம் மேலே என்ற அளவில்தான், ஒன்றிரண்டு கிலோமீட்டரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக்குள் காற்று சுழல்வதைச் சொல்கிறார்கள். அதெல்லாம் ட்ரோபோஸ்பியருக்குள் அடக்கம். நமக்குத் தெரிந்த மழை, சாரல், இடி, மூடுபனி எல்லாம் அதற்குள்தான். 'ட்ரோப்' என்றால் கிரேக்கத்தில் திரும்புதல், புரளுதல். சோற்றுப் பானையில் கொதிக்கும் தண்ணீர் மாதிரி காற்று மேலும் கீழுமாகப் புரள்கிற பந்து. நம் தலைக்கு மேல் இது ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் தடிமன், துருவத்துக்குப் போனால் பாதிதான்.

இந்தப் பெயர்களை வைத்தவர் தேசரான் த போர் என்ற பிரெஞ்சுக்காரர். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறவும் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைகிறது என்பது மலை ஏறியவர்களுக்குத் தெரியும், அப்படியே குறைந்துகொண்டே போகும் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். இவர் பாரிசுக்குப் பக்கத்தில் ட்ராப் என்ற இடத்தில் ஹைட்ரஜன் பலூன்களில் வெப்பமானியைக் கட்டி ஒன்று இரண்டல்ல, இருநூறுக்கு மேல் விட்டுப் பார்த்தார். 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர் கூடவே இல்லை. வெயில் பட்டு வெப்பமானி ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு ராத்திரியிலும் விட்டார், அதே கதை. 1902-ல் அறிவித்தார். புரளுகிற கீழ்ப்பகுதிக்கு ட்ரோபோஸ்பியர், அசங்காமல் விரித்துப் போட்ட மாதிரி இருக்கும் மேல்பகுதிக்கு ஸ்ட்ராட்டோஸ்பியர். அந்த 'ஸ்ட்ராட்டோ' லத்தீன், 'ஸ்பியர்' கிரேக்கம். இலக்கண வாத்தியார்கள் முகம் சுளிக்கிற கலப்புக் கல்யாணம்தான், ஆனால் நிலைத்துவிட்டது.

அந்த எல்லைக்கோட்டை நீங்கள் உங்கள் களத்து மேட்டிலிருந்தே பார்க்கலாம். ஏப்ரல், மே மாதம் சாயங்காலம் மேற்கே மலைக்குப் பின்னால் கோடை மழைக் கறுப்பு திரண்டு வளருமே, வெள்ளைக் காலிஃபிளவர் மாதிரி பொங்கிப் பொங்கி ஏறிவந்து, ஓர் உயரத்தில் கூரையில் முட்டின மாதிரி நின்று, பக்கவாட்டில் கொல்லன் பட்டடைக்கல் போலத் தட்டையாகப் பரவும். அந்தத் தட்டைத் தலை இருக்கும் இடம்தான் எல்லை. மேலே ஓசோன் வெயிலின் புற ஊதாக் கதிரைக் குடித்துக் காற்றைச் சூடாக்கி வைத்திருக்கிறது, சூடான காற்று மேலே, குளிர்ந்தது கீழே என்று இருந்தால் புரளுவதற்கு வழி இல்லை.

இன்னொன்று. கல்ஃபுக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஏறி 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது இன்னும் ட்ரோபோஸ்பியருக்குள்தான் இருக்கிறார்கள். அதே உயரத்தில் ஐரோப்பாவின் வடக்கே பறந்தால் ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் நுழைந்திருப்பார்கள், டிக்கெட்டில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

எனக்கு 72 வயது. சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு தென்மேற்கு வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று, புகை மாதிரி நெளிந்து நெளிந்து பரவியது. வீட்டில் பெரியவர்கள் பயந்து விளக்கேற்றி வைத்தார்கள். இன்றுவரை அது என்ன என்று யாரும் சொல்லவில்லை. (ஆரியங்காவு)

அண்ணாச்சி, நீங்கள் பார்த்தது தும்பாவாகத்தான் இருக்க வேண்டும். 1963 நவம்பர் 21-ஆம் தேதி சாயங்காலம் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட் போனது, இந்தியாவிலிருந்து விண்வெளி ஆராய்ச்சிக்காகப் போன முதல் ராக்கெட். சோடியத்தைச் சூடாக்கி ஆவியாக வானத்தில் கக்கியது. நமக்கு இருட்டிவிட்டாலும் அவ்வளவு உயரத்தில் வெயில் இன்னும் இருக்கும், அந்த வெயிலில் சோடியம் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிரும், பழைய தெருவிளக்கு நிறம். கீற்று நெளிந்தது என்றீர்களே, அதைப் பார்க்கத்தான் விட்டதே, அங்கே காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று நெளிவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதற்குப் பின்னும் அங்கிருந்து சோடியம் ராக்கெட்டுகள் விட்டிருக்கிறார்கள், ஆகவே முதல் நாளையே பார்த்தீர்களா, பிற்பாடு ஒன்றையா என்பது உங்கள் வயதுக் கணக்கைப் பொறுத்தது.

ஏன் தும்பா? மாதா கோவில் ஒன்றும் மீனவர் குப்பமுமாக இருந்த இடம் அது, அந்தக் கோவிலையே ஆபீஸாகக் கொடுத்தார்கள். பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போனதுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஆறு மாதிரி மின்சாரம் ஓடுகிறது. அது ஓடும் இடம் அயனோஸ்பியர், ராபர்ட் வாட்சன்-வாட் என்ற ரேடார்காரர் 1926-ல் முன்வைத்த பெயர். சூரியக் கதிர் பட்டு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாக அலையும் பகுதி. உங்கள் வயசுக்காரர்களுக்கு அதை ரேடியோவில் பழக்கம் இருக்கும். பகலில் கொரகொரவென்று இருக்கிற மீடியம் வேவ், ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கோ தூரத்து ஸ்டேஷனை எல்லாம் கொண்டுவந்து காட்டும். ரேடியோ அலையைக் குடித்துக்கொண்டிருந்த அயனோஸ்பியரின் அடித்தட்டு பொழுது சாய்ந்தவுடன் கரைந்துவிடுகிறது, அலை அதைத் தாண்டி மேல்தட்டில் பட்டுத் திரும்பிவருகிறது. அவ்வளவுதான்.

நாங்கள் தமிழர்கள், ஆனால் மகள் மலையாளம் மீடியம். அவள் புத்தகத்தில் அந்தரீக்ஷம், நான் படித்தது வளிமண்டலம். வீட்டில் எதைச் சொல்லிக்கொடுப்பது? இதில் எது சரியான மொழிபெயர்ப்பு? (தென்மலை)

இரண்டையும் சொல்லிக்கொடுங்கள், எல்லையில் குடியிருக்கிற நமக்கு என்ன கஞ்சத்தனம். 1956 நவம்பர் 1-க்கு முன் செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது.

சரியான மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் இரண்டுமே இல்லை. கிரேக்கத்தில் 'அட்மோஸ்' ஆவி, 'ஸ்பைரா' பந்து. நம் வளிமண்டலத்தில் வளி காற்று, மண்டலம் வட்டம், பந்து எங்கேயும் காணோம். அந்தரீக்ஷம் என்பதோ மண்ணுக்கும் விண்ணுக்கும் நடுவில் உள்ள இடம். 'அந்தரத்தில் தொங்குது' என்கிறோமே, அந்த அந்தரம் இதற்குச் சொந்தக்காரன்தான். ஆந்திரப் பக்கம் போனால் வாதாவரணம் என்பார்கள், காற்றுப் போர்வை. எனக்குப் பிடித்தது அதுதான், உள்ளதை உள்ளபடி சொல்கிறது. இங்கிலீஷில் அட்மாஸ்பியர் என்ற சொல் 1630-களில் வந்தபோது முதலில் பேசப்பட்டது நிலாவைப் பற்றி. அந்த நிலாவிலோ மூச்சுவிடக் காற்று இல்லை.

இந்த 'ஸ்பியர்' விஷயத்தில் தமிழ் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பயாஸ்பியர் உயிர்க்கோளம், லித்தோஸ்பியர் பாறைக்கோளம், ஹைட்ரோஸ்பியர் நீர்க்கோளம், அயனோஸ்பியர் அயனி மண்டலம். பள்ளிப் பாடத்தில் மீசோஸ்பியர் இடையடுக்கு, தெர்மோஸ்பியர் வெப்ப அடுக்கு, எக்ஸோஸ்பியர் வெளியடுக்கு. ஒழுங்கு இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். நான் கட்சி மாறுகிறேன். இவை ஒன்றுமே பந்து இல்லையே, உரித்தால் உள்ளே இன்னொன்று இருக்கிற வெங்காயச் சருகு. அதை அடுக்கு என்று சொன்னவர்தான் யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார். 1875-ல் எட்வர்ட் சூஸ் என்ற ஆஸ்திரிய நிலவியலாளர் பயாஸ்பியர் என்று எழுதியபோதும் அவர் மனதில் இருந்தது பந்து இல்லை, பூமியின் மேல் உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பூச்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை. மகள் தமிழில் எழுதும்போது அரைக்கோளத்துக்கு ளகரம் போடுகிறாளா என்று பாருங்கள். அரைக்கோலம் என்று எழுதினால் யாரோ வாசலில் புள்ளி வைத்துவிட்டுப் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிய மாதிரி இருக்கிறது. பந்துக்கு மட்டும் சிக்கல் இல்லை, அங்கேயும் பந்து, இங்கேயும் பந்து.

மருமகளுக்கு மஞ்சள் காமாலை மாதிரி அடிக்கடி வருகிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஸ்பீரோசைட் இருப்பதாக எழுதியிருக்கிறது. புற்றுநோயா என்று பயமாக இருக்கிறது. (பண்பொழி)

அந்தச் சொல்லுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இல்லை அம்மா, முதலில் தண்ணீர் குடியுங்கள். ஸ்பீரோசைட் என்றால் பந்து வடிவச் சிவப்பணு. அவ்வளவுதான் பெயரின் பொருள்.

சாதாரணச் சிவப்பணு பந்து இல்லை. ஓட்டை போட மறந்த உளுந்து வடையை இரண்டு பக்கமும் நடுவில் விரலால் அழுத்திய மாதிரி இருக்கும். அந்தக் குழி காரணமாகத்தான் தோல் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, மடங்கி நெளிந்து எந்தச் சந்திலும் புகுந்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அணுவின் தோலைத் தாங்கும் புரதத்தில் குறை, தோல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோகிறது. உள்ளே சரக்கு அதே அளவு, மேல் தோல் குறைச்சல் என்றால் அது எந்த வடிவத்துக்குப் போகும்? மிகக் குறைந்த தோலில் மிக அதிகச் சரக்கை அடக்கும் வடிவம் பந்துதான், மழைத்துளியும் சோப்புக் குமிழியும் உருண்டையாவது இதனால்தான். ஆனால் பந்து நெளியாது. மண்ணீரலில் ரத்தம் வடிகட்டும் இடுக்குகள் மிகக் குறுகல், வடை நழுவிவிடும், பந்து மாட்டிக்கொண்டு உடையும். உடைந்த அணுவின் கழிவுதான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. அதனால் ரத்தசோகை, சிலருக்குப் பித்தப்பைக் கல்லும் வரும்.

ஆனால் ஸ்பீரோசைட் என்று எழுதியிருந்தாலே பிறவி நோய் என்றும் ஆகாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிவப்பணுவைத் தாக்கினாலும் இப்படித் தெரியும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ரத்த நோய் நிபுணரிடம் காட்டுங்கள். அவர் மருமகளின் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது காமாலையோ, சின்ன வயதில் மண்ணீரல் எடுத்ததோ உண்டா என்று கேட்பார், அதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். அது கல்லீரல் சமாச்சாரம் இல்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பந்து என்ற பொருளில் வரும் விஞ்ஞானச் சொற்களை மாணவர்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்: பாலிஸ்டிக், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஹீமோகுளோபின், ஸ்பிங்க்டர். சரிதானே? (தென்காசி)

டீச்சர், நாலில் ஒன்று தேறும், அதுவும் பாதிதான். பாலிஸ்டிக் என்பதில் பந்து இல்லை, அது எறிதல் என்ற கிரேக்க வினை. காக்கஸ் என்றால் விதை, கொட்டை. அந்தக் கிருமி நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிந்தாலும் பெயர் வைத்தவர் நினைத்தது சங்கிலி மாதிரி முறுக்கிக் கோத்த விதைகளை. ஸ்பிங்க்டர் என்றால் இறுக்கிக் கட்டுவது, ஸ்பைராவோடு முதலெழுத்து மட்டும்தான் ஒன்று. ஹீமோகுளோபினில் பந்து உண்டு, ஆனால் அது லத்தீன் பந்து, குளோபஸ், பள்ளிக்கூடத்து குளோபும் அதே. பட்டியலைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

குண்டூரிலிருந்து மிளகாய் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளா போகிற லாரி டிரைவர் நான். குண்டூரில்தான் ஹீலியம் கண்டுபிடித்தார்கள் என்று அங்கே டீக்கடையில் ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம், அதைப் பார்க்க ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் குண்டூர் வந்தார். பெயரிலேயே குண்டு வைத்திருக்கிற ஊர், பந்துக் கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம். நிலா சூரியனை மறைத்தபோது விளிம்பில் செக்கச்செவேல் என்று தீ நாக்குகள். அவற்றின் ஒளியை நிறம் பிரித்துப் பார்த்ததும், இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, கிரகணம் இல்லாமலேயே நாளைக்கும் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது, மறுநாள் பார்த்தும் விட்டார். அதே வருஷம் அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர் தன் போக்கில் அதே வித்தையைக் கண்டுபிடித்தார்.

அந்தச் செவ்விளிம்புக்கு லாக்கியர் வைத்த பெயர் குரோமோஸ்பியர், நிறப் பந்து. அதற்குக் கீழே நாம் தினமும் பார்க்கிற வெள்ளைத் தகடு ஃபோட்டோஸ்பியர், ஒளிப் பந்து, ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். கிரகணத்தில் தெரிந்த மஞ்சள் கோட்டைப் பலரும் சோடியம் என்று நினைத்தார்கள், மேலே ஆரியங்காவு அண்ணாச்சி பார்த்த அதே சோடியம். இல்லை, கோடு கொஞ்சம் தள்ளி இருக்கிறது, பூமியில் யாருக்கும் தெரியாத வேறு பொருள் என்று பிடித்தவர் லாக்கியர். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று ஆயிற்று. பூமியில் அது கையில் கிடைக்க 1895 வரை ஆனது. ஆகவே குண்டூருக்கு அதில் பங்கு உண்டு, முழுப் பட்டா கிடையாது. டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், அடுத்த டிரிப்பில் டீ கிடைக்காது.

அங்கிள், நான் ஆறாம் வகுப்பு. ஆழ்கடலுக்குப் போகிற கப்பல் மீன் மாதிரி நீளமாக இல்லாமல் ஏன் உருண்டையாக இருக்கிறது? (அச்சன்புதூர்)

நல்ல கேள்வி தம்பி. பத்து மீட்டர் ஆழம் போகப் போக நம் மேல் இன்னொரு வளிமண்டலத்தின் கனம் ஏறுகிறது. தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நசுக்கும், மூலை இருந்தால் அங்கே ஒடியும், தட்டையாக இருந்தால் உள்வாங்கும். பந்துக்கு மூலையும் கிடையாது, தட்டையும் கிடையாது. வேகாத முட்டையை உள்ளங்கையில் வைத்து எல்லா விரலாலும் ஒரே சீராக அமுக்கிப் பார், சுலபத்தில் உடையாது. (மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய், அம்மா திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்லாதே.)

1934 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பெர்முடா தீவுப் பக்கம் வில்லியம் பீப், ஓட்டிஸ் பார்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஓர் எஃகுப் பந்துக்குள் உட்கார்ந்து 3,028 அடி ஆழம் இறங்கினார்கள். உள்ளே அகலம் ஐந்தடிகூட இல்லை, இரண்டு ஆள் கால் நீட்ட முடியாது. மேலே கப்பலிலிருந்து ஒரே ஒரு கம்பி வடம், கூடவே ஒரு டெலிபோன் வயர், ஜன்னலுக்குச் சாதாரணக் கண்ணாடி தாங்காது என்று உருக்கிய குவார்ட்ஸ். பீப் அதன் வழியாகப் பார்த்துப் பார்த்து, இருட்டில் மினுக்கிக்கொண்டு போகும் மீன்களைப் பற்றிப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பந்தின் பெயர் பாத்திஸ்பியர், ஆழப் பந்து. இப்போது சென்னையில் செய்துவரும் மத்ஸ்யா 6000-இலும் ஆள் உட்காரும் அறை பந்துதான், டைட்டானியத்தில், ஏறத்தாழ 2.1 மீட்டர் அகலம், மூன்று பேருக்கு.

ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்: பூமி பந்தா, இல்லையா? (புனலூர்)

ஸ்பீராய்டு. பந்து மாதிரி என்று அர்த்தம், பந்து இல்லை. தன்னைத்தானே சுற்றுகிற சுற்றில் இடுப்பு கொஞ்சம் பிதுங்கி, நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. ஒரே வார்த்தை என்றீர்கள், மன்னிக்கவும். 30 சென்டிமீட்டர் குளோபில் அந்தப் பிதுக்கத்தைக் காட்ட வேண்டுமானால் குறுக்களவில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் வரும், கடைக் குளோபில் தேடிப் பார்க்காதீர்கள். என் வீட்டுக் குளோபில் காகிதம் ஒட்டிய மடிப்பே அவ்வளவு புடைத்திருக்கிறது, அதுவும் சரியாகப் புனலூருக்கு மேல்.